ஊருக்கு ஒரு முல்லர்

மாக்ஸ் முல்லர் பதிப்பித்த ரிக்வேதத்தின் சமஸ்கிருத முகப்புப் பக்கத்தில் மாக்ஸ் முல்லர் என்ற பெயர் இல்லை. சார்மண்ய தேசத்தில் பிறந்து கோதீர்த்தத்தில் வாழும் மோக்ஷமூலர பட்டர் என்பவர்தான் அங்கே பதிப்பாசிரியராக நிற்கிறார். சார்மண்யம் என்றால் ஜெர்மனி. எருது கடக்கும் துறை என்று பொருள்படும் ஆக்ஸ்ஃபோர்டுதான் கோதீர்த்தம். மோக்ஷமூலர் அவரேதான். முல்லர் என்ற ஜெர்மன் சொல்லுக்கு மாவு மில்காரர் என்பதுதான் பொருள். அவருடைய தாத்தாவோ டெசாவ் நகரத்தில் தையற்காரராக இருந்தவர். தையற்காரரின் பேரன், மில்காரர் என்ற பெயரோடு பிறந்து, சமஸ்கிருதத்துக்குள் வந்ததும் மோட்சத்தின் வேர் ஆகிவிட்டார்.

அதற்கு முன்பே அவர் தன் பெயரில் கைவைத்திருந்தார். அவருடைய முழுப்பெயர் ஃப்ரீட்ரிஷ் மாக்ஸ் முல்லர். வெறும் முல்லர் என்றால் யாருக்கும் தன்னைத் தெரியப்போவதில்லை என்று கருதி, மாக்ஸ் என்பதையும் குடும்பப்பெயரோடு ஒட்டிக்கொண்டார். அதனால்தான் இன்றும் நாம் அவரை முல்லர் என்று மட்டும் சொல்வதில்லை. மாக்ஸ் முல்லர் என்றால்தான் நமக்கு அவர்.

ஒரே குடும்பப்பெயர் கொண்ட பிரபலங்களைத் தொகுத்துத் தருவது கலைக்களஞ்சியங்களின் பழைய வழக்கம். முல்லர் என்ற தலைப்புக்குக் கீழே போப்பாண்டவரிடம் தூது போனவர், அணுவைக் கண்ணால் கண்டவர், கோல் அடித்தவர், கொலைப் படையை நடத்தியவர் எல்லாரும் அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அப்படி வரிசையாகப் படிக்கும்போது நம்மை அறியாமலே மனதில் ஒரு பெரிய குடும்பம் உருவாகிவிடுகிறது. அப்படியொரு குடும்பம் இருந்ததே இல்லை. ரத்த உறவு இல்லாத இத்தனை பேருக்கு ஒரே பெயர் எப்படி வந்தது, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

முதலில் சொல்லின் வழி. ரோமானியர்களிடமிருந்துதான் ஜெர்மானியர்கள் தண்ணீரால் சுற்றும் ஆலையைக் கற்றுக்கொண்டார்கள். கருவியோடு பெயரும் வந்தது. மொலீனா என்ற பிற்கால லத்தீன் சொல் ஜெர்மனில் ம்யூல என்று ஆலையைக் குறித்தது. அந்த ஆலையை ஓட்டியவர் முல்லர். தமிழில் நாம் முல்லர் என்று எழுதினாலும் ஜெர்மன் ஒலி அது அல்ல. 'இ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவித்துப் பாருங்கள், அந்த முதல் உயிர் வந்துவிடும். அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. வடக்கு ஜெர்மனியில் அதே தொழில் மோலர் ஆனது. லத்தீன் படித்தவர்கள் மோலிட்டர் ஆனார்கள். ஹங்கேரியில் மோல்னார். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களில் பலர் எழுத்தின் மேலிருந்த இரண்டு புள்ளிகளையும் துறந்து மில்லர் ஆகிவிட்டார்கள்.

ஜெர்மனியில் இன்று மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப்பெயர் இதுதான். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவர் முல்லர். கொல்லரான ஷ்மிட், தையற்காரரான ஷ்னைடர், மீனவரான ஃபிஷர், நெசவாளரான வேபர் எல்லாரும் இதற்குப் பின்னால்தான். சுவிட்சர்லாந்திலும் முதலிடம் முல்லருக்கே. கோன்ராட் குன்ட்செயும் டாமாரிஸ் ந்யூப்லிங்கும் 2009 முதல் வெளியிட்ட ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபடத் தொகுதி, 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாக வைத்து இப்படிப்பட்ட பெயர்கள் எந்தெந்தப் பகுதியில் எந்த வடிவத்தில் பரவியிருக்கின்றன என்று காட்டுகிறது.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இடைக்கால ஜெர்மனியில் பெரும்பாலானோர் குடியானவர்கள். பெயர்கள் தொழிலிலிருந்து வந்தன என்றால் குடியானவர் என்ற பொருள் தரும் பவர் என்ற பெயர்தானே முதலில் நிற்க வேண்டும்? அதற்கான விடை எண்ணிக்கையில் இல்லை, அடையாளத்தில் இருக்கிறது. ஊரில் எழுபது குடியானவர்கள் இருக்கும்போது 'குடியானவர் ஹான்ஸ்' என்று சொல்லி யாரைக் கூப்பிடுவது? ஆனால் ஆலை ஓர் ஊருக்கு ஒன்றுதான். 'ஆலைக்காரர் ஹான்ஸ்' என்றால் ஊர் முழுக்க ஒருவரைத்தான் திரும்பிப் பார்க்கும். அப்படி ஊர் ஊராக ஒருவரைச் சுட்டிக்காட்டிய சொல், எல்லா ஊரையும் கூட்டிப் பார்க்கும்போது யாரையும் சுட்டாத சொல்லாகிவிட்டது. ஊரில் ஒருவர்தான் என்பதாலேயே நாட்டில் பல லட்சம் பேர். முல்லர் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு எனக்குத் தோன்றியது இதுதான்: பெயர் பெற்ற முல்லர்கள் ஒவ்வொருவரும், அந்தப் பெயர் ஒரு காலத்தில் செய்த வேலையை மறுபடி தாங்களே செய்ய வேண்டியிருந்தது. கூட்டத்திலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆலைக்காரர் என்ற பெயர் எல்லாக் காலத்திலும் மதிப்பாக இருந்ததும் இல்லை. ஓடை எங்கே ஓடுகிறதோ அங்கேதான் ஆலை நிற்கும். அதனால் அவர் வீடு ஊருக்கு வெளியே தனியாக இருக்கும். பல பிரபுக்களின் நிலத்தில் குடியானவர்கள் அந்தப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. வேறு ஆலைக்கு மூட்டையைக் கொண்டுபோனால் தண்டம். கூலியையும் ஆலைக்காரர் காசாக வாங்கவில்லை, அரைக்க வந்த தானியத்திலேயே ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொண்டார். கண்ணெதிரே தன் தானியத்தில் ஒரு படி குறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடியானவருக்கு அந்தப் படி சரியான படிதானா என்ற சந்தேகம் வராமல் இருக்குமா? மில்காரர் திருடர் என்ற பேச்சு அப்படித்தான் ஊறியது. பல நகரங்களில் ஆலைக்காரரின் பிள்ளைகளைக் கைவினைஞர் சங்கங்களில் சேர்க்க மறுத்தார்கள். 1548இலும் 1577இலும் வந்த பேரரசின் காவல் சட்டங்கள், ஆலைக்காரர், நெசவாளர், ஆட்டிடையர், நாவிதர் போன்றோரின் பிள்ளைகளை இழிவாகக் கருதி ஒதுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு முறை சொல்லி அடங்காததால்தானே இரண்டாம் முறையும் சொன்னார்கள்!

அதே ஆலையடியில்தான் ஜெர்மானியரின் மிகப் பழைய நியாயம் ஒன்றும் பிறந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டில் ஐகே ஃபான் ரெப்கோ தொகுத்த சாக்சனிய வழக்குச் சட்டநூல், ஆலைக்கு யார் முதலில் வந்தாரோ அவருக்குத்தான் முதலில் அரைக்க வேண்டும் என்று விதிக்கிறது. இன்றைக்கும் வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் ஜெர்மானியர்கள் சொல்வது அந்த ஆலை விதியைத்தான்.

பெயரை உதறிவிட்டு வேறு பெயரில் வாழ்ந்த முல்லரும் உண்டு. 1436இல் ஃப்ராங்கோனியாவில் கூனிக்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்த யோஹானஸ் முல்லரை வானியல் வரலாறு ரெகியோமொன்டானுஸ் என்றுதான் அறியும். அரசமலை என்ற ஊர்ப்பெயரின் லத்தீன் வடிவம் அது. வியன்னாவில் பொயர்பாக்கிடம் படித்தவர். முக்கோணவியலை வானியலின் உதவியாள் நிலையிலிருந்து எடுத்துத் தனிக் கலையாக நிறுத்தியவர். 1474இல் நியூரம்பெர்கில் அவர் அச்சிட்ட கோள்நிலை அட்டவணை கொலம்பஸின் கப்பல் வரைக்கும் போயிற்று. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் சிக்கிக்கொண்ட கொலம்பஸ், அந்தக் கணக்கை வைத்துச் சந்திர கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லி, உணவு தர மறுத்த தீவு மக்களை மிரட்டினார். நாற்பது வயதில் ரோமில் இறந்துபோன ரெகியோமொன்டானுஸுக்குத் தன் எண்கள் அப்படிப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் பெயரை இப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது. 1875இல் ஜெர்மன் பேரரசு முழுமைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுச் சட்டம் வந்தபின் எழுத்தர் எழுதியதே பெயர். அப்போது முல்லராக இருந்தவர் முல்லராகவே நின்றார்.

இனி டெசாவ் குடும்பத்துக்கே திரும்பி வருகிறேன். மாக்ஸின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் 1794இல் பிறந்த கவிஞர். 1816இல் பெர்லினில் ஸ்டேகமான் என்ற அரசு ஆலோசகரின் வீட்டில் இளைஞர்கள் கூடிப் பாட்டும் நடிப்புமாக ஒரு விளையாட்டு ஆடினார்கள். கதை எளியது: ஓர் அழகான ஆலைக்காரப் பெண், அவளை விரும்பும் சில இளைஞர்கள். வேடம் பிரித்தபோது வேடனாக ஒருவர், தோட்டக்காரராக ஒருவர் என்று போக, ஆலைத் தொழிலாளி வேடம் வில்ஹெல்முக்கு வந்தது. காரணம் அவருடைய பெயர். பெயர்தான் முல்லர் ஆயிற்றே! அங்கே எழுதத் தொடங்கிய பாடல்களே வளர்ந்து 'அழகிய ஆலைக்காரி' என்ற கவிதைத் தொடர் ஆயின. 1823இல் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். பிறகு அதே கவிஞரின் 'குளிர்காலப் பயணம்'. தந்தை தையற்காரர், தாம் ஆலைப் பக்கமே போகாதவர். அப்படிப்பட்டவர் ஒரு வரவேற்பறை விளையாட்டில் தன் பெயரின் பொருளுக்குள் ஒரு மாலைப்பொழுது நுழைந்து பார்த்ததால் உலகம் இன்றும் பாடும் பாடல்கள் கிடைத்தன. முல்லர்களின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அது.

வில்ஹெல்முக்கும் அடைமொழி தேவைப்பட்டது. கிரேக்க விடுதலைப் போரை ஆதரித்து அவர் எழுதிய பாடல்களால் 'கிரேக்க முல்லர்' என்றார்கள். அவர் 1827இல் முப்பத்து மூன்றைத் தொடுவதற்குச் சில நாள் முன்னால் இறந்தபோது மகனுக்கு மூன்று வயது. இசையமைப்பாளர் வேபரின் இசைநாடகத்தில் வரும் நாயகனின் பெயரைத்தான் அந்தப் பிள்ளைக்கு மாக்ஸ் என்று வைத்திருந்தார்கள். அந்த மாக்ஸ் லைப்சிக், பெர்லின், பாரிஸ் வழியாக இங்கிலாந்து போய், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தில் ரிக்வேதத்தைச் சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. ஆனாலும் சென்னை உட்பட இந்திய நகரங்களில் ஜெர்மன் பண்பாட்டு நிலையத்துக்கு அவர் பெயர்தான். மற்ற நாடுகளில் கதே நிறுவனம் என்று போர்டு தொங்கும் இடத்தில் இங்கே மாக்ஸ் முல்லர் பவன்.

பெயரில் ஒட்டுப்போட்டவர்களில் அவர் முதல்வரும் அல்ல. கிரேக்கத் தொன்மங்களை ஆராய்ந்த கார்ல் முல்லர், ஏகப்பட்ட கார்ல் முல்லர்களுக்கு நடுவே தன் முதல் நூலை வெளியிடும் நேரத்தில் ஓட்ஃப்ரீட் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். 1840இல் டெல்ஃபியில் வெயிலில் நின்று கல்வெட்டு எடுத்துக் காய்ச்சலில் விழுந்து ஏதென்ஸில் இறந்த கார்ல் ஓட்ஃப்ரீட் முல்லர் அவர்தான்.

அடைமொழிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத ஒரு பெயர் உண்டு. 1900இல் ம்யூனிக்கில் பிறந்த ஹைன்ரிஷ் முல்லர் 1939 முதல் ஹிட்லர் ஆட்சியின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவின் தலைவராக இருந்தார். யூதர்களை அழிக்கும் திட்டத்துக்கு நிர்வாக வடிவம் கொடுத்த 1942 ஜனவரி 20 வான்சே கூட்டத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் ஒருவர். எஸ்.எஸ். படையில் அதே பெயரில் இன்னொரு தளபதி இருந்ததால் இவரைக் 'கெஸ்டாபோ முல்லர்' என்றார்கள். குழப்பம் வரக் கூடாது என்பதற்காக அலுவலகத்தில் வைத்த பெயரையே வரலாறு அவருக்கு நிரந்தரமாக்கிவிட்டது. 1945 மே மாதத் தொடக்கத்தில் பெர்லினில் காணாமல் போனார். விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை.

அதற்கு முந்தைய நூற்றாண்டில் வ்யூர்ட்ஸ்புர்கில் இன்னொரு ஹைன்ரிஷ் முல்லர் இருந்தார், உடற்கூறியல் அறிஞர். 1851இல் விழித்திரையைக் குறுக்காக ஊடுருவி நிற்கும் செல்களை முதலில் விவரித்தவர். முல்லர் செல்கள் என்று கண் மருத்துவர்கள் இன்றும் சொல்வது அவற்றைத்தான். ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அதற்கு முன்னால் உள்ள அடுக்குகளைக் கடந்து ஒளி சிதறாமல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது நெடுங்காலக் கேள்வி. முல்லர் செல்களே ஒளியிழை போல ஒளியைக் கடத்திக் கொடுக்கின்றன என்று 2007இல் காட்டினார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர்தான் இருவருக்கும்.

பவேரியாவிலேயே கெஸ்டாபோ முல்லரின் காலத்தில் வாழ்ந்த யோசஃப் முல்லரையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிறுவயதில் எருது ஓட்டியதால் 'எருதுக்காரச் செப்' என்பது அவருக்கு வழங்கிய பெயர். வழக்கறிஞர். 1939–40இல் ஹிட்லரை எதிர்த்தவர்களின் தூதராக ரோமுக்குப் போய், பிரிட்டனோடு பேசுவதற்குப் போப்பாண்டவரின் உதவியைக் கேட்டவர். 1943இல் கைதாகி, வதைமுகாம்களைக் கடந்து உயிரோடு வந்து, பவேரியாவின் கிறிஸ்துவ சமூக ஒன்றியக் கட்சிக்கு முதல் தலைவர் ஆனார். பெயரை வைத்து எவரையும் எடைபோட முடியாது என்று வாயால் சொல்வது சுலபம். இந்த மூன்று வாழ்க்கைகளையும் அடுத்தடுத்து வாசித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

சில முல்லர்களின் பெயர் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, நமக்குத் தெரியாமல். குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகும் பெண்ணுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகளில் ஏ.எம்.எச். என்று ஒன்று இருக்கும். அதில் நடுவில் நிற்கும் 'எம்' ஒரு முல்லர்தான். கோப்ளென்ட்ஸில் செருப்புத் தைப்பவரின் மகனாக 1801இல் பிறந்த யோஹானஸ் முல்லர், கருவில் உருவாகும் ஓர் இணைக் குழாயை 1830இல் விவரித்தார். ஆண் பெண் இரு கருக்களிலும் அந்தக் குழாய் முதலில் உண்டு. பெண் கருவில் அது கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் வளர்கிறது. ஆண் கருவில் விந்தகம் சுரக்கும் ஒரு ஹார்மோன் அதைக் கரைத்துவிடுகிறது. முல்லர் குழாயை எதிர்க்கும் ஹார்மோன் என்பதால் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். வளர்ந்த பெண்ணின் சூலகத்திலும் அது சுரப்பதால், முட்டைகளின் இருப்பை அறிய இப்போது அதை அளக்கிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகப் பதற்றத்தோடு காத்திருக்கும் பெண்ணின் கையிலுள்ள சீட்டில், தன் பெயர் போகும் தூரத்தை அறியாமல் 1858இல் இறந்த ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கிறது. ஆசிரியர் என்று சொன்னது வேண்டுமென்றேதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ், விர்ஷோ, ஷ்வான் எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள்.

கதிர்வீச்சை டிக் டிக் என்று எண்ணிக்காட்டும் கருவியை எல்லாரும் கைகர் கருவி என்கிறோம். அதன் சரியான பெயர் கைகர்–முல்லர். 1928இல் கீல் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கைகரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் வால்ட்டர் முல்லரும் சேர்ந்து அந்தக் குழாயைச் செம்மைப்படுத்தினார்கள். கைகர் என்றால் பிடில் வாசிப்பவர். பேச்சு வழக்கில் பிடில்காரர் தங்கிவிட்டார், மில்காரர் உதிர்ந்துவிட்டார்.

பாஸலில் பால் ஹெர்மான் முல்லர் செய்த வேலை இன்னும் நெருக்கமாக நம்மைத் தொட்டது. கைகி நிறுவனத்தின் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈக்களை விட்டு ஒவ்வொரு வேதிப்பொருளாகச் சோதித்துக்கொண்டிருந்தார். 1939இல் ஒரு பொருளைத் தடவியபோது ஈக்கள் செத்தன. பெட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதிய ஈக்களை விட்டார். சுவரைத் தொட்டதும் அவையும் விழுந்தன. கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த அந்தத் துளிதான் டி.டி.டி.யின் வலிமை. பின்னால் அதன் கேடும் அதேதான். 1948இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. 1953இல் தொடங்கிய இந்திய மலேரியாத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் அடித்ததும் அந்த மருந்துதான். வெள்ளையாகப் படிந்த சுவரும் அந்த வாடையும் நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மலேரியா பெருமளவு குறைந்தது. மண்ணிலும் பறவையின் முட்டையோட்டிலும் அது தங்கியதை ரேச்சல் கார்சன் 1962இல் எழுதினார். காப்பாற்றிய உயிர்களையும் கெடுத்த உயிர்களையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டும் உண்மை.

நோபல் பெற்ற முல்லர்களில் எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்று காட்டிய நியூயார்க் ஹெர்மான் யோசஃப் மல்லரும் ஒருவர், புள்ளிகளை இழந்த கிளை. மட்பாண்டம் போன்ற பொருளில் மின்தடையற்ற கடத்தலை 1986இல் பெட்னோர்ட்ஸோடு சேர்ந்து கண்டறிந்த கார்ல் அலெக்ஸாண்டர் முல்லர் மறு ஆண்டே பரிசு பெற்றார். பரிசு பெறாத எர்வின் முல்லரைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பெர்லினில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனவர். நுனி மிகக் கூர்மையான டங்ஸ்டன் ஊசியைக் குளிரவைத்து, அதன் முனையைத் திரையில் பல லட்சம் மடங்கு பெரிதாக விழச் செய்தார். 1955 அக்டோபர் 11 அன்று அவரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும் அந்தத் திரையில் தனித்தனி அணுக்களை ஒளிப்புள்ளிகளாகக் கண்டார்கள். அணு என்ற சொல் பிறந்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு மனிதர் கண்ணில் அது பட்ட நாள் அதுதான்.

விளையாட்டில் முல்லர் என்றால் கெர்ட் முல்லர். நோர்ட்லிங்கன் ஊர்க்காரர், குள்ளம், கனத்த தொடை. பயர்ன் ம்யூனிக்குக்கு வந்தபோது பயிற்சியாளரே 'குட்டிக் குண்டு முல்லர்' என்றுதான் கூப்பிட்டார். ஜெர்மனிக்காக 62 ஆட்டத்தில் 68 கோல், லீக் ஆட்டங்களில் 427க்கு 365. 1974 ஜூலை 7 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை இன்று பார்த்தாலும் அந்தக் கோல் அழகாக இல்லை. வலப்பக்கத்திலிருந்து போன்ஹோஃப் தள்ளிய பந்து காலில் பட்டுப் பின்னால் போய்விடுகிறது. முல்லர் பின்வாங்கி, சுழன்று, தரையோடு தரையாகத் தட்டுகிறார். நெதர்லாந்துக் கோல் காவலர் அசையக்கூட இல்லை. பந்து உருளுகிறது, அவ்வளவுதான். 2–1. அதே 13ஆம் எண் சட்டையில் 2010 உலகக் கோப்பையில் ஐந்து கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய தோமஸ் முல்லர் அவருக்கு உறவில்லை. ஊர் வேறு, வீடு வேறு. ஆனால் ஜெர்மன் ரசிகர்கள் பெயரை வினைச்சொல்லாக்கி, மறுபடி முல்லரடிக்கிறது என்று சொல்லிக் குதித்தார்கள்.

எழுத்தில் இருவர். கிழக்கு ஜெர்மனியின் ஹைனர் முல்லர் 1961இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, 'ஹாம்லெட் இயந்திரம்' போன்ற நாடகங்களால் உலக மேடைகளில் நிலைத்தவர். இன்னொருவர் ஹெர்டா முல்லர், 2009 நோபல். ருமேனியாவின் பனாட் பகுதியில் ஜெர்மன் பேசும் சிற்றூரில் 1953இல் பிறந்தவர். தாய் சோவியத் கட்டாய உழைப்பு முகாமில் ஐந்து ஆண்டுகள் கழித்தவர். தந்தை போரில் எஸ்.எஸ். படையில் இருந்தவர். ஹெர்டா எந்திரத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது உளவுப் போலீசுக்கு ஆள்காட்ட மறுத்தார். ஒருநாள் வந்து பார்த்தால் அவருடைய அறையில் வேறொருவர். வேலைக்கு வராதவர் என்ற சாக்கில் நீக்கிவிடக் கூடாதே என்று, மாடிப்படியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் அகராதிகளோடு உட்கார்ந்து வேலை செய்தார். நோபல் உரையில் அந்தக் கைக்குட்டையைப் பற்றித்தான் பேசினார். இந்தப் பட்டியலில் பெண்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் வெளிப்படை. மேற்கு ஜெர்மனியில் 1976 வரை திருமணமான பெண் கணவரின் பெயருக்கு மாறியாக வேண்டும். முல்லராகப் பிறந்து வேறு பெயரில் புகழ்பெற்றவர்களை இந்தத் தலைப்பில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

கடைசியாக, பெயரோடு ஊரை ஒட்டிக்கொண்டவர்கள். ஹெர்மான் முல்லர் என்ற பெயரில் மட்டும் மூன்று பேர். ஒருவர் வெய்மார் குடியரசின் பிரதமர், 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர். நாடாளுமன்றத்தில் பல முல்லர்கள் உட்கார்ந்திருந்ததால் தொகுதியின் பெயரைச் சேர்த்து முல்லர்–ஃப்ராங்கன் என்றார்கள். 1930 மார்ச்சில் அவர் அமைச்சரவை விழுந்தபின், நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆளும் அரசு அந்தக் குடியரசுக்கு வாய்க்கவே இல்லை. இரண்டாமவர் சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தவர், கொடிமுந்திரி ஆய்வாளர். 1882இல் கைசன்ஹைமில் அவர் உருவாக்கிய வெள்ளைத் திராட்சை அவர் பெயரிலேயே முல்லர்–துர்காவ் என்று ஜெர்மனி முழுக்கப் பரவியது. ரீஸ்லிங்கையும் சில்வானரையும் கலந்ததாக அவர் எழுதிவைத்திருந்தார். நூறு ஆண்டுக்கு மேல் அப்படித்தான் நம்பினார்கள். மரபணுச் சோதனையில் ரீஸ்லிங் சரியாக இருந்தது, மற்றப் பெற்றோர் சில்வானர் அல்ல, மாதலீன் ரோயால் என்ற வேறு திராட்சை. குடும்பப்பெயரை வைத்து வம்சம் எழுதுபவர்கள் இந்தத் திராட்சையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் ஹெர்மான் லிப்ஷ்டாட் நகரத்துப் பள்ளி ஆசிரியர், பூக்களும் பூச்சிகளும் ஒன்றையொன்று எப்படி உருவாக்கின என்று ஆராய்ந்தவர். அவருடைய அண்ணன் ஃப்ரிட்ஸ் முல்லர் 1822இல் எர்ஃபுர்ட் பக்கம் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். பட்டம் வாங்க வேண்டுமானால் கடவுளின் பெயரால் உறுதிமொழி எடுக்க வேண்டும். நம்பாத ஒன்றின் பெயரால் சத்தியம் செய்ய மாட்டேன் என்று பட்டத்தை விட்டுவிட்டார். 1852இல் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் கப்பல் ஏறி, ப்ளூமனாவ் குடியேற்றத்தில் காட்டை வெட்டி நிலம் திருத்தினார். பிறகு தெஸ்தேரோ என்ற கடற்கரை நகரத்தில் கணக்கு வாத்தியார். அங்கே நண்டு, இறால்களின் இளம்பருவங்களை ஆராய்ந்து 1864இல் டார்வினுக்கு ஆதரவாக ஒரு சிறு நூல் எழுதினார். டார்வின் அதைத் தன் செலவிலேயே ஆங்கிலத்தில் கொண்டுவரச் செய்தார். உற்றுநோக்குபவர்களின் இளவரசர் என்று அவரைப் போற்றினார்.

1879இல் ஃப்ரிட்ஸ் எழுதியது வண்ணத்துப்பூச்சியைப் பற்றி. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத, ஆனால் எல்லாமே கசப்பான இனங்கள் ஏன் ஒரே நிறக்கோலத்தைப் பூண்டிருக்கின்றன? கசப்பு என்று தெரிந்துகொள்ள இளம் பறவை சிலவற்றைக் கடித்துப் பார்த்தாக வேண்டும். கோலம் ஒன்றானால் அந்தப் பலியை இரு இனங்களும் பங்கிட்டுக்கொள்ளும். எந்த இனத்துக்கு எவ்வளவு லாபம் என்று அவர் கணக்கும் போட்டார். ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு அரிதாக இருந்தால், அரிதானதற்கு இருபத்தைந்து மடங்கு பயன். பறக்கும் பூச்சியைக் கணிதத்தில் பிடித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. முல்லேரிய ஒப்புமை என்று உயிரியல் மாணவர்கள் இன்று படிப்பது இதைத்தான்.

ஜெர்மன் அறிஞர்கள் அவரை மற்ற முல்லர்களிடமிருந்து பிரிக்க முல்லர்–தெஸ்தேரோ என்று எழுதினார்கள். தெஸ்தேரோ என்ற போர்ச்சுகீசியச் சொல்லுக்கு நாடுகடத்தல் என்று பொருள். 1894இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அந்த நகரத்துக்குக் குடியரசுத் தலைவர் ஃப்ளோரியானோவின் பெயரைச் சூட்டி ஃப்ளோரியானோபோலிஸ் ஆக்கிவிட்டார்கள். இன்று வரைபடத்தில் தெஸ்தேரோவைத் தேடினால் அகப்படாது. பழைய விலங்கியல் நூல்களில் ஒரு முல்லரின் பெயருக்குப் பின்னால் சிறுகோடு போட்டு அந்த ஊர் இருக்கிறது.